ஒதுக்கி வைத்த வேகம்

1998 ஆகஸ்ட் 24 அன்று இன்டெல் இரண்டு பிராசசர்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பென்டியம் II 450, விலை 669 டாலர். செலரான் 300ஏ, விலை 149 டாலர். பெயரோடு ஒட்டியிருக்கும் எண் மெகாஹெர்ட்ஸில் அதன் வேகம். ஒன்று பணம் உள்ளவர்களுக்கு, இன்னொன்று மலிவான கம்ப்யூட்டர் போதும் என்பவர்களுக்கு. நிறுவனத்தின் கணக்கு அவ்வளவுதான். ஆனால் கேபினெட்டைத் திறந்து கைவைக்கப் பயப்படாதவர்கள் சில வாரங்களிலேயே வேறொரு கணக்கைக் கண்டுகொண்டார்கள். செலரான் 300ஏ, மதர்போர்டு கொடுக்கும் 66 மெகாஹெர்ட்ஸ் துடிப்பை 4.5 மடங்காக்கித் தன் வேகத்தை அடைகிறது. அந்த 4.5-ஐ இன்டெல் பூட்டிவிட்டது. 66-ஐப் பூட்டவில்லை. அதை 100 என்று மாற்றினால் வருவது 450.

ஏபிட் பிஹெச்6 போன்ற மதர்போர்டுகளில், கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் பயாஸ் அமைப்புத் திரையிலேயே அந்த மாற்றத்தைச் செய்துவிடலாம். அப்படி வசதி இல்லாத போர்டு வைத்திருந்தவர்கள், பிராசசர் அட்டையின் அடிவிளிம்பில் வரிசையாக இருக்கும் பொன்னிறத் தொடுமுனைகளில் பி21 என்ற ஒன்றை மட்டும் மெல்லிய டேப் துணுக்கால் மறைத்தார்கள். போர்டு அதை 100 மெகாஹெர்ட்ஸ் பிராசசர் என்றே எடுத்துக்கொண்டது. பெரும்பாலான 300ஏ-க்கள் 450-இல் சிரமமின்றி ஓடின. அதனுள் இருந்த கேஷ் நினைவகம் 128 கிலோபைட்தான், ஆனால் பிராசசரின் முழு வேகத்தில் இயங்கியது. பென்டியம் II-க்கு 512 கிலோபைட் இருந்தும் அது பாதி வேகத்தில்தான் ஓடியது. அதனால் விளையாட்டுகள் உட்படப் பல வேலைகளில் 149 டாலர் சிப், 669 டாலர் சிப்புக்குச் சமமாக நின்றது.

இரண்டு வருடம் கழித்து ஏஎம்டியின் முறை வந்தது. டியூரான், அத்லான் சிப்புகளின் மேற்பரப்பில் எல்1 என்று குறிக்கப்பட்ட நுண்ணிய இணைப்புகள் ஒரு வரிசையாக இருக்கும். தொழிற்சாலையில் அவற்றை வெட்டிவிட்டுத்தான் அனுப்புவார்கள். வெட்டிய இடத்தின் இரு முனைகளையும் சாதாரணப் பென்சிலால் அழுத்தி ஒரு கோடு போட்டு இணைத்தால் போதும், கிராஃபைட்டில் மின்சாரம் பாயும், எத்தனை மடங்கு என்ற எண்ணின் பூட்டு திறந்துவிடும். பக்கத்து இணைப்போடு கோடு உரசிவிடாமல் கூர்மையாகச் சீவிய பென்சில் வேண்டும், நல்ல வெளிச்சம் வேண்டும். உலகத்தின் மிகச் சிக்கலான தொழிற்சாலை ஒன்றில் செய்த பொருளின் எல்லையை ஒரு பள்ளிக்கூடத்துப் பென்சில் நகர்த்தியது. இதில் உள்ள பரவசத்தை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. ஒரு தலைமுறை இளைஞர்கள் கம்ப்யூட்டரின் உள்ளே என்ன நடக்கிறது என்று முதன்முதலாகக் கற்றுக்கொண்டது இந்தப் பரவசத்தில்தான்.

உள்ளே இவ்வளவு வேகம் இருந்தபோது 300 என்று ஏன் எழுதினார்கள் என்ற கேள்வியை அன்று எல்லோரும் கேட்டார்கள். எழுதிய வேகத்துக்கு மேல் ஓட்டும் இந்த ஓவர்கிளாக்கிங்கைப் பாதுகாப்பாகச் செய்ய நினைக்கும் எவரும் முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வியும் இதுதான். கூலர் எது, தெர்மல் பேஸ்ட் எது என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

பிராசசருக்குள் ஒவ்வொரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையே நடப்பது ஓர் ஓட்டம். ஒரு வரிசையிலிருந்து கிளம்பும் சமிக்ஞை, நடுவே உள்ள டிரான்சிஸ்டர்களை ஒவ்வொன்றாகத் தாண்டி, அடுத்த துடிப்பு வருவதற்குள் அடுத்த வரிசையைச் சேர்ந்து நிலைபெற்றுவிட வேண்டும். 4 கிகாஹெர்ட்ஸில் இதற்குக் கிடைக்கும் நேரம் 250 பிகோநொடி. ஒளியே அந்த நேரத்தில் ஏழரை சென்டிமீட்டர்தான் போகும். 5 கிகாஹெர்ட்ஸாக்கினால் 200 பிகோநொடி. சமிக்ஞை தாமதமாக வந்தால் என்ன ஆகும்? ஒன்றும் வெடிக்காது. எச்சரிக்கை விளக்கு எரியாது. அடுத்த வரிசை, தன் வாசலில் அந்த நொடியில் இருந்த பழைய மதிப்பை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடரும். ஒன்றுக்குப் பதில் பூஜ்யம், பூஜ்யத்துக்குப் பதில் ஒன்று. கணக்கு தப்பிவிட்டது என்று அந்தப் பிராசசருக்கே தெரியாது.

எல்லா சிப்பும் ஒரே நேரத்தில் தப்புவதில்லை. ஒரே சிலிக்கான் தட்டில், ஒரே நாளில், ஒரே வேதிப்பொருட்களால் செய்த நூற்றுக்கணக்கான சிப்புகளில் ஒன்று போல இன்னொன்று இருக்காது. தட்டின் நடுவில் இருந்தவை, ஓரத்தில் இருந்தவை, படலம் ஒரு சில அணுக்களின் அளவு தடித்துப்போனவை, மெலிந்துபோனவை. கோடிக்கணக்கில் வார்க்கப்படும் ஒரு பொருளுக்கு இப்படித் தனித்தனிச் சுபாவம் இருப்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கிறது. நிறுவனம் ஒவ்வொன்றையும் சோதித்துத் தரம் பிரித்து, இது 300, இது 400, இது 450 என்று எழுதுகிறது. அந்த எண் ஒரு வாக்குறுதி. அந்த சிப் எவர் வீட்டில் போய் உட்காரும் என்று அவர்களுக்குத் தெரியாது. தூசி அடைத்த ஃபேன், மட்டமான எஸ்எம்பிஎஸ், கோடையின் உச்சம், ஏழெட்டு வருட உழைப்பு, இவை எல்லாம் ஒருசேர வந்தாலும் கணக்குத் தப்பக் கூடாது என்று ஒரு காப்பு இடைவெளி விட்டுத்தான் எண்ணை எழுதுகிறார்கள்.

இது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. 1998-இன் பிற்பகுதியில் இன்டெலின் 0.25 மைக்ரான் தொழில்நுட்பம் நன்றாகக் கைவந்திருந்தது. 450-ஐத் தாங்கும் சிப்புகள் ஏராளமாக வந்தன. ஆனால் சந்தையில் எல்லோரும் 669 டாலர் தரமாட்டார்கள். மலிவான சிப்பும் விற்றாக வேண்டும். அதனால் நல்ல சிப்பின் மேலும் சிறிய எண்ணை எழுதினார்கள். ஆக, எழுதிய எண்ணுக்கும் இயலும் எண்ணுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் ஒரு பங்கு வியாபாரத்துக்காக ஒதுக்கியது, ஒரு பங்கு பொறியியலுக்காக ஒதுக்கியது. வியாபாரப் பங்கை நாம் எடுத்தால் நிறுவனத்துக்குத்தான் நஷ்டம். பொறியியல் பங்கை எடுத்தால் நஷ்டம் நமக்கு. வெளியே இருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும் என்பதுதான் சிக்கல். ஒன்று முடிந்து மற்றது தொடங்கும் இடத்தில் யாரும் கோடு போட்டு வைக்கவில்லை. சோதித்துத்தான் அறிய வேண்டும்.

ஓவர்கிளாக் செய்வதில் ஆபத்து என்றதும் நம் மனதில் எழுவது புகை. அதற்கும் ஒரு காரணம் இருந்தது. 2001-இல் டாம்ஸ் ஹார்டுவேர் என்ற இணையதளம் வெளியிட்ட ஒரு வீடியோவில், ஓடிக்கொண்டிருக்கும் பிராசசர்களின் மேலிருந்து ஹீட்சிங்க்கைக் கழற்றுவார்கள். பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு தாக்குப்பிடித்தது. அத்லான் சில நொடிகளில் புகைந்து செத்தது. அதைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். இன்றைக்கு அந்தப் பயம் பெரும்பாலும் தேவையற்றது. இப்போதைய பிராசசர்கள் 95, 100 டிகிரி என்று தமக்குரிய வரம்பைத் தொட்டால் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கு மேலும் ஏறினால் கம்ப்யூட்டரையே நிறுத்திவிடும். எரிந்துபோவது ஆபத்துகளில் மிகவும் நேர்மையானது, கண்ணுக்குத் தெரிந்துவிடும். தெரியாமல் நடப்பவை இரண்டு. மெல்ல மெல்லத் தேய்வது ஒன்று, சத்தமில்லாமல் பொய் சொல்வது மற்றொன்று.

தேய்மானத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வேகத்தைக் கூட்டினால் ஓரிடத்தில் சிப் தடுமாறும். வோல்டேஜைக் கொஞ்சம் கூட்டினால் டிரான்சிஸ்டர்கள் சுறுசுறுப்பாகி மறுபடி ஓடும். இந்த வசதிக்கு விலை அதிகம். மின்செலவு, வேகத்தோடு நேர் விகிதத்தில் ஏறும், வோல்டேஜோடு அதன் இருமடியில் ஏறும். 4.0 கிகாஹெர்ட்ஸில் 1.2 வோல்டுக்கு ஓடிய ஒரு சிப்பை 4.6-க்குக் கொண்டுபோக 1.35 வோல்ட் தேவைப்படுகிறது என்று வையுங்கள். வேகம் கூடியது 15 சதவீதம். வெப்பம் கூடியது ஏறக்குறைய 45 சதவீதம். கசிவு மின்னோட்டம் இந்தக் கணக்கில் சேரவில்லை, அதையும் சேர்த்தால் இன்னும் மோசம். இன்டெலே இந்தச் சுவரில் மோதியிருக்கிறது. பென்டியம் 4-ஐ 4 கிகாஹெர்ட்ஸில் தருவதாகச் சொல்லியிருந்த நிறுவனம் 2004 அக்டோபரில் அதைக் கைவிட்டது. தலைமை அதிகாரி கிரெய்க் பாரெட் ஒரு மாநாட்டு மேடையில் மண்டியிட்டு அதற்கு மன்னிப்புக் கேட்டார். வேகம் இனிமேல் சும்மா வராது என்பது தொழிலுக்கு உறைத்த வருடம் அது.

கூட்டிய வோல்டேஜும் வெப்பமும் சிப்பின் உள்ளே பொருளையே இடம்பெயர்க்கின்றன. மெல்லிய செம்புக் கம்பிகளில் பாயும் எலெக்ட்ரான்கள் அணுக்களை இடித்து இடித்து ஒரே பக்கமாகத் தள்ளுகின்றன. ஒரு பக்கம் குழி விழும், மறுபக்கம் மேடு தட்டும். என்றாவது ஒருநாள் கம்பி அறும், அல்லது பக்கத்துக் கம்பியைத் தொடும். மின்னோட்டத்தின் அடர்த்தியும் வெப்பமும் ஏற ஏற ஆயுள் எப்படிக் குறைகிறது என்பதற்கு ஜேம்ஸ் பிளாக் என்ற பொறியாளர் 1969-இலேயே ஒரு சமன்பாடு தந்துவிட்டார். இது தவிர டிரான்சிஸ்டரின் காப்புப் படலமும் மின்னழுத்தத்தால் பழுதுபடுகிறது. 2002-இல் வந்த நார்த்வுட் வகைப் பென்டியம் 4-க்கு இயல்பான வோல்டேஜ் 1.5. அதை 1.7-க்கு மேல் ஏற்றி ஓட்டியவர்கள் பலர், நல்ல கூலர் போட்டு வெப்பத்தை அடக்கி வைத்திருந்தும், சில வாரங்களிலோ மாதங்களிலோ ஒரு காலையில் ஸ்விட்சைப் போட்டபோது உயிரற்ற சிப்பைத்தான் கண்டார்கள். வெப்பம் குறைவாக இருக்கிறது, அதனால் வோல்டேஜை ஏற்றலாம் என்ற வாதம் தப்பு என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி இல்லை. வெப்பத்தைக் குளிர்வித்து ஆற்றலாம். வோல்டேஜுக்கு அப்படி ஒரு மருந்து கிடையாது.

இனி, பொய். என் பார்வையில் முக்கியமானது இதுதான், ஆனால் ஓவர்கிளாக்கிங் பற்றிய பேச்சில் மிகக் குறைவாக அடிபடுவதும் இதுதான்.

2005-இல் மைக்ரோசாஃப்டின் ரேமண்ட் சென் ஒரு குறிப்பு எழுதினார். விண்டோஸ் நின்றுபோனதாக உலகெங்குமிருந்து வரும் அறிக்கைகளை ஆராயும்போது, சில இடங்களில் நின்றுபோன கட்டளை விநோதமாக இருந்தது. பிராசசருக்குள்ளேயே இருக்கும் ரெஜிஸ்டர் என்ற சிறு சேமிப்பிடம் ஒன்றைப் பூஜ்யமாக்கும் கட்டளை அது. நினைவகத்தைத் தொடாது, எதையும் வகுக்காது, தோற்றுப்போக அதற்கு வழியே இல்லை. ஆனால் தோற்றிருந்தது. அறிக்கை அனுப்பியவர்களை விசாரித்தபோது, கம்ப்யூட்டர்கள் ஓவர்கிளாக் செய்யப்பட்டவை என்று தெரியவந்தது. சிலருக்கு அது தெரியவும் தெரியாது. விற்ற கடை, சொல்லாமலேயே வேகத்தை ஏற்றி விற்றிருந்தது. 2011-இல் மைக்ரோசாஃப்டின் ஆய்வாளர்கள் சுமார் பத்து லட்சம் வீட்டுக் கம்ப்யூட்டர்களின் பதிவுகளை எடுத்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஓவர்கிளாக் செய்தவை, செய்யாதவற்றைவிடப் பல மடங்கு அதிகமாக விழுந்தன. அதைவிட என்னை யோசிக்கவைத்தது வேறொரு முடிவு. எழுதிய வேகத்துக்கும் கீழே ஓடிய கம்ப்யூட்டர்கள், எழுதிய வேகத்தில் ஓடியவற்றைவிடவும் குறைவாகவே விழுந்தன. நிறுவனம் விட்டுவைத்த இடைவெளிகூட எல்லோருக்கும் போதுமானதாக இல்லை என்று இதற்கு அர்த்தம்.

நின்றுபோவதாவது நமக்குத் தெரியும். 2021-இல் ஃபேஸ்புக் பொறியாளர்கள் வெளியிட்ட கட்டுரையில் வரும் சம்பவம் வேறு மாதிரி. சுருக்கி வைத்த கோப்புகளை விரித்தெடுக்கும் வேலையில், சில கோப்புகள் மட்டும் அளவு பூஜ்யம் என்று கருதப்பட்டு விடுபட்டுப்போயின. எந்த எச்சரிக்கையும் இல்லை. தேடித் தேடிப் போனால் ஒரேயொரு கம்ப்யூட்டரின் பிராசசரில், கோர் எனப்படும் கணக்கிடும் அலகுகளில் ஒரேயொன்று. அதில் 1.1-இன் 53-ஆம் அடுக்கைக் கணக்கிட்டு முழு எண்ணாக்கச் சொன்னால் 156 வர வேண்டிய இடத்தில் 0 வந்தது. 52-ஆம் அடுக்கைக் கேட்டால் 142 என்று சரியாகச் சொன்னது. அந்தப் பிராசசரை யாரும் ஓவர்கிளாக் செய்யவில்லை, தொழிற்சாலை வேகத்தில் ஓடிக்கொண்டிருந்த சர்வர் அது. சோதனைகளை எல்லாம் தாண்டி வந்த ஒரு சிப்பே சில எண்களுக்கு மட்டும் இப்படிச் சொல்லக்கூடும் என்றால், காப்பு இடைவெளியைத் தன் கையால் சுரண்டி எடுத்தவர் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்?

அதனால், ஓவர்கிளாக் செய்பவர்களின் உரைகல்லாகப் பிரைம்95 என்ற மென்பொருள் ஆனது தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன். ஜார்ஜ் வோல்ட்மன் 1996-இல் தொடங்கிய, மிகப்பெரிய பகா எண்களைத் தேடும் கூட்டு முயற்சிக்காக எழுதப்பட்டது அது. கோடிக்கணக்கான இலக்கங்கள் கொண்ட எண்ணை வாரக்கணக்கில் பெருக்கிக்கொண்டே போக வேண்டும். நடுவில் ஒரே ஒரு பிட் தப்பினால் அத்தனை வார உழைப்பும் வீண். அதனால், தான் ஓடும் கம்ப்யூட்டர் யோக்கியமானதா என்று பார்க்க ஒரு சித்திரவதைச் சோதனையை அதிலேயே வைத்திருந்தார்கள். விடை முன்கூட்டியே தெரிந்த கணக்குகளைக் கொடுத்து, வந்த விடையோடு ஒப்பிடும். மணிக்கணக்கில் எல்லாம் சரியாக ஓடும், ஃபேன் இரையும், வெப்பமானி எழுபத்தெட்டில் நிற்கும். பிறகு ஒரு ஜன்னலில் மட்டும் ஒரு வரி விழும்: ரவுண்டிங் 0.5, 0.4-க்குக் கீழே இருந்திருக்க வேண்டும். அந்தக் கோரின் வேலை நின்றுவிடும். மற்றவை ஓடிக்கொண்டிருக்கும். கம்ப்யூட்டர் நின்றிருக்காது, மௌஸ் நகரும், பாட்டு பாடும். அந்த ஒற்றை வரி இல்லையென்றால் எல்லாம் நன்றாக இருப்பதாகவே நாம் நம்பியிருப்போம்.

இந்த வரியைக் கண்டதும் என்ன செய்கிறார் என்பதில்தான் ஒருவரின் ஓவர்கிளாக்கிங் தரம் தெரிகிறது. "பிரைம்95 அளவுக்கு யார் நிஜ வாழ்க்கையில் வேலை வாங்கப்போகிறார்கள், கேம் நன்றாகத்தானே ஓடுகிறது" என்று கடந்துபோகிறவர்கள் உண்டு. கேமில் ஒரு பிட் தப்பினால் திரையில் ஒரு புள்ளியின் நிறம் மாறும், நாம் கவனிக்கவே மாட்டோம். அதே கம்ப்யூட்டரில்தான் குழந்தையின் புகைப்படங்களை நகலெடுக்கிறோம், வரிக் கணக்கைச் சேமிக்கிறோம், கல்லூரி ஆய்வேட்டை எழுதுகிறோம். அங்கே தப்பும் பிட் கோப்புக்குள் போய் உட்கார்ந்துவிடும், அடுத்த வருடம் திறக்கும்போதுதான் தெரியும்.

செய்கிறவர்கள் இப்படிச் செய்தால் நல்லது என்று நான் கருதுவதைச் சொல்கிறேன். எதையும் மாற்றுமுன் கம்ப்யூட்டர் இயல்பான வேகத்தில் எப்படி இருக்கிறது என்று எழுதி வையுங்கள்: சும்மா இருக்கும்போது எத்தனை டிகிரி, முழு வேலையில் எத்தனை டிகிரி, எத்தனை வோல்ட், எத்தனை வாட். ரேம் நம்பகமானதா என்று ஓர் இரவு முழுக்க மெம்டெஸ்ட் ஓட்டிப் பாருங்கள். ரேமில் இருக்கும் கோளாறைப் பிராசசரின் கோளாறு என்று எண்ணி அலைவது இந்த வேலையில் சகஜம். எக்ஸ்எம்பி, எக்ஸ்போ என்று பயாஸில் ஒரே சொடுக்கில் ரேம் வேகத்தை ஏற்றும் வசதியும் ஓவர்கிளாக்கிங்தான். 2023-இல் எக்ஸ்போவோடு சேர்ந்து சில போர்டுகள் பிராசசரின் எஸ்ஓசி பகுதிக்கான வோல்டேஜை அளவுக்கு மீறி ஏற்றியதில் ரைசன் 7 7800எக்ஸ்3டி சிப்புகள் சில கருகிப்போயின. ஏஎம்டி அதன்பிறகு 1.3 வோல்ட் என்று வரம்பு கட்டியது. வோல்டேஜை ஒருபோதும் ஆட்டோவில் விட்டுவிட்டு வேகத்தை மட்டும் ஏற்றாதீர்கள் என்பதற்கு இந்த ஒரு சம்பவம் போதும். போர்டு செய்பவருக்குத் தன் போர்டில் சிப் தடுமாறக் கூடாது என்பதுதான் கவலை, சிப்பின் ஆயுள் அல்ல.

பிறகு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். பூட்டப்படாத சிப்பில் பெருக்கியை, அதாவது செலரானில் 4.5 ஆக இருந்த அந்த மடங்கை, ஒரு படி கூட்டினால் 100 மெகாஹெர்ட்ஸ் கூடும். சோதனை. மறுபடி ஒரு படி, மறுபடி சோதனை. தடுமாறினால் வோல்டேஜை 0.01, 0.02 என்று கூட்டிப் பார்க்கலாம். இப்படிப் போகும்போது எல்லா சிப்பிலும் ஓரிடம் வரும். அதுவரை ஒரு படிக்கு 0.02 வோல்ட் கேட்டது, திடீரென்று 0.06, 0.08 என்று கேட்கும். சிப் தன் எல்லையைச் சொல்லிவிட்டது என்று அர்த்தம். 2011-இல் வந்த கோர் ஐ7-2600கே இதற்கு நல்ல உதாரணம். எழுதியிருந்த வேகம் 3.4, டர்போவில் 3.8. சாதாரணக் காற்றுக் கூலரிலேயே பெரும்பாலானவை 4.4, 4.5 வரை அமைதியாகப் போயின. அதற்கு மேல் ஒவ்வொரு நூறுக்கும் கடுமையாக வோல்டேஜ் கேட்டன. அந்த இடத்தில் நின்று, ஒன்றிரண்டு படி கீழே இறங்கி வருவதுதான் இதில் முக்கியமான வேலை. அவர்கள் விட்ட இடைவெளியை எடுத்துக்கொண்டோம். இப்போது நம் அறைக்கும் நம் வேலைக்கும் ஏற்ற ஓர் இடைவெளியை நாமே விட வேண்டும். அதைச் செய்யாதவர் ஓவர்கிளாக் செய்யவில்லை, கம்ப்யூட்டரை விளிம்பில் நிறுத்தியிருக்கிறார்.

நம் அறை என்று சொன்னதை அழுத்திச் சொல்ல வேண்டும். காற்றாலோ தண்ணீராலோ இயங்கும் எந்தச் சாதாரணக் கூலரும் அறையின் வெப்பநிலைக்குக் கீழே சிப்பைக் குளிர்விக்காது. அறைக்கு மேலே இத்தனை டிகிரி என்றுதான் அதன் திறன். கூலர்களைச் சோதிக்கும் ஆய்வகங்கள் 22, 24 டிகிரியில் இருக்கின்றன. கத்திரி வெயிலில் ஏசி இல்லாத சென்னை வீட்டு அறை எளிதாக 36-ஐத் தொடும். அந்தப் பன்னிரண்டு, பதினான்கு டிகிரி அப்படியே சிப்பின் மேல் போய் ஏறும். மார்கழி இரவில் சோதித்துத் தேறிய அமைப்பு சித்திரை மதியத்தில் தப்புவது இதனால்தான். நம் ஊரில் ஓவர்கிளாக் செய்கிறவர் வருடத்தின் மிக மோசமான மதியத்தில், கேபினெட்டை மூடி வைத்துச் சோதிக்க வேண்டும். வாசிக்கும் இடங்களில் கிடைக்கும் எண்கள் வேறு யாருடைய அறைக்கோ உரியவை.

சோதனை முடிந்த பிறகும் ஒரு பழக்கம் வேண்டும். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் வீயா-லாகர் என்ற பெயரில் எச்சரிக்கைகள் வருகின்றனவா என்று அவ்வப்போது பாருங்கள். ஒரு பிழை நடந்து, ஹார்டுவேர் அதைத் தானே திருத்திக்கொண்டது என்று அவை சொல்கின்றன. திருத்தப்பட்ட பிழைதானே என்று விடக் கூடாது. அதுவரை சுத்தமாக இருந்த கம்ப்யூட்டரில் அவை வரத் தொடங்கினால் சிப் தேய்ந்துகொண்டிருக்கலாம், வேகத்தை இறக்கும் நேரம் வந்துவிட்டது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பேச்சு பழைய கதையாகிவிடும். செலரான் காலத்தில் இடைவெளி நமக்காக விட்டுவைக்கப்பட்டிருந்தது. இன்று அதை நிறுவனங்களே எடுத்துக்கொள்கின்றன. 2008-இல் இன்டெல் டர்போ பூஸ்ட்டைக் கொண்டுவந்த பிறகு, சிப் தன் வெப்பத்தையும் மின்செலவையும் பார்த்துத் தானே வேகத்தை ஏற்றிக்கொள்கிறது. தலைமுறைக்குத் தலைமுறை அந்த ஏற்றம் விளிம்பை நோக்கி நகர்ந்தது. கோர் ஐ9-14900கே 6 கிகாஹெர்ட்ஸ் என்ற எண்ணோடு கடைக்கு வந்தது. விளைவு என்ன என்பதை 2024-இல் பார்த்தோம். 13, 14-ஆம் தலைமுறை சிப்புகள் வாங்கிச் சில மாதங்களில் கேம்கள் விழத் தொடங்கின. திரையில் வீடியோ நினைவகம் போதவில்லை என்று செய்தி வந்தது. கிராஃபிக்ஸ் கார்டில் தாராளமாக இடம் இருந்தது. உண்மையில் தப்பியது பிராசசர், கேமின் கோப்புகளை விரித்தெடுக்கும் கணக்கில். ஃபேஸ்புக்கில் மாட்டியதும் கோப்பு விரிக்கும் வேலைதான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

சிப் தேவைக்கு அதிகமான வோல்டேஜைக் கேட்டு வாங்கியதாகவும், அதனால் துடிப்பைக் கொண்டுசெல்லும் சுற்றே தேய்ந்ததாகவும் இன்டெல் கண்டறிந்தது. ஆகஸ்டில் வந்த மைக்ரோகோடு, அதாவது பிராசசரின் உள்கட்டளைகளுக்கான திருத்தம், 1.55 வோல்டுக்கு மேல் கேட்கக் கூடாது என்று வரம்பு கட்டியது. உத்தரவாதத்தை இரண்டு வருடம் நீட்டினார்கள். ஏற்கெனவே தேய்ந்த சிப்பை மைக்ரோகோடு குணப்படுத்தாது என்றும் சொன்னார்கள். வாங்கியவர்களில் பலர் பயாஸில் ஒரு எண்ணைக்கூடத் தொட்டிருக்கமாட்டார்கள். அவர்கள் ஓவர்கிளாக் செய்யவில்லை, அவர்களுக்காக, அவர்களைக் கேட்காமல் அது செய்யப்பட்டிருந்தது. இது அநியாயம் என்றே நான் கருதுகிறேன். ரேமண்ட் சென் கண்ட கடைக்காரர் சிறிய அளவில் செய்ததுதான் இது.

அதனால் இன்றைக்கு மேசைக் கம்ப்யூட்டரில் கைவைக்க விரும்புகிறவருக்கு என் யோசனை தலைகீழானது. வேகத்தை ஏற்றாதீர்கள், மின்செலவு வரம்பை இறக்குங்கள். 253 வாட் வரை இழுக்கும் சிப்பை 150 வாட்டில் கட்டினால் பெரும்பாலான வேலைகளில் இழப்பு சிறிதுதான், வெப்பமும் இரைச்சலும் பெருமளவு இறங்கும். வரம்பை இறக்கும்போது சிப் தானே வேகத்தையும் வோல்டேஜையும் சேர்த்துக் குறைத்துக்கொள்கிறது, காப்பு இடைவெளி அப்படியே இருக்கிறது. வேகத்தை அப்படியே வைத்து வோல்டேஜை மட்டும் குறைப்பது, ரைசனில் கர்வ் ஆப்டிமைசர் கொண்டு செய்வது, வேறு விஷயம். அது குளுமையாகத் தெரிந்தாலும் அதே இடைவெளியைத்தான் இன்னொரு பக்கத்திலிருந்து தின்கிறது. ஓவர்கிளாக்கிங்குக்குச் சொன்ன அத்தனை சோதனையும் அதற்கும் வேண்டும்.

2024-இல் திரவ ஹீலியம் ஊற்றி ஒரு சிப்பை 9.1 கிகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோனார்கள். அந்த வித்தையை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த சிப்புக்கு அந்தச் சில கணங்கள் தவிர வேறு பொறுப்பு இல்லை. உங்கள் மேசையில் இருப்பதற்கு உண்டு. அடுத்தவர் கணக்கு, நோயாளியின் ரிப்போர்ட், மாணவர்களின் மதிப்பெண் இருக்கும் கம்ப்யூட்டரை எழுதிய வேகத்திலேயே விட்டுவிடுங்கள். சொந்தக் கம்ப்யூட்டரில் செய்து பார்க்க ஆசை இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள், கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. பயாஸுக்குள் போகுமுன் கோப்புகளையெல்லாம் வேறொரு டிஸ்கில் நகலெடுத்து, அந்த டிஸ்கைக் கழற்றித் தனியே வைத்துவிடுங்கள்.